வட்டத்தின் பரப்பளவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட்டத்தின் பரப்பளவுக்கான சூத்திரத்தைக் கேட்டால் மாணவர்கள் உடனே ஒப்பித்துவிடுவார்கள். அது ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்டால்தான் தயங்குவார்கள். அந்த ‘ஏன்’ ஒருமுறை பிடிபட்டுவிட்டால் சூத்திரம் மறக்காது. கணக்கில் வழக்கமாக வரும் பல தவறுகளும் தானாகவே குறைந்துவிடும். அதனால் இங்கே கணக்குகளைவிடக் காரணங்களுக்கே இடம் அதிகம் கொடுத்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு தாள், பென்சில், கவராயம் வைத்துக்கொண்டு படித்தால் இன்னும் நல்லது.

பரப்பளவு என்று எதை அளக்கிறோம்? சுற்றளவு வேறு, இது வேறா?

ஆமாம், வேறுதான். வட்டக் கோட்டின் நீளம் சுற்றளவு. அந்தக் கோட்டுக்கு உள்ளே அடங்கும் இடம் பரப்பளவு. வட்டமான தோட்டத்துக்கு வேலி போடச் சுற்றளவு தெரியவேண்டும். அதே தோட்டத்தில் புல் பதிக்கப் பரப்பளவு தெரியவேண்டும்.

பரப்பளவை, 1 செ.மீ. பக்கமுள்ள சதுரங்கள் எத்தனை கொள்ளும் என்ற கணக்கில் சொல்கிறோம். செவ்வகத்தில் இந்தச் சதுரங்களை வரிசையாக அடுக்கி எண்ணிவிடலாம். வட்டத்தில் அது நடக்காது. ஓரத்துக்கு வரும்போது ஒவ்வொரு சதுரமும் வெட்டுப்படும். வளைந்த ஓரத்தை எப்படிச் சமாளிப்பது என்பதுதான் இந்தப் பாடத்தின் உண்மையான கேள்வி.

சூத்திரம் என்ன? அதை எப்படிப் படிக்கவேண்டும்?

பரப்பளவு = பை × ஆரம் × ஆரம்

ஆரம் என்பது மையத்திலிருந்து வட்டக்கோடு வரை உள்ள தூரம். பை என்பது 3.14159… என்று முடிவில்லாமல் போகும் ஓர் எண். ஆரம் 10 செ.மீ. என்றால் 3.14 × 10 × 10 = 314 சதுர செ.மீ. ஆரம் 7 செ.மீ. என்றால் 22/7 × 7 × 7 = 154 சதுர செ.மீ.

இதை வெறும் எழுத்துகளாகப் படிக்காமல் படமாகப் பார்க்கவேண்டும். ஒரு வட்டம் வரையுங்கள், அதில் ஓர் ஆரத்தைப் போடுங்கள். அந்த ஆரத்தையே பக்கமாகக் கொண்டு ஒரு சதுரம் வரையுங்கள். ‘ஆரம் × ஆரம்’ என்பது அந்தச் சதுரத்தின் பரப்பு. அப்படியானால் சூத்திரம் சொல்வது இதுதான்: வட்டத்தின் பரப்பு, அந்தச் சதுரத்தைப்போல மூன்று மடங்கும் கொஞ்சமும். இனி அதை ‘ஆரச் சதுரம்’ என்றே சொல்கிறேன்.

மூன்றும் கொஞ்சமும் என்பதை எப்படி நம்புவது? ஏன் இரண்டு இல்லை, நான்கு இல்லை?

வட்டத்தைத் தொட்டபடி வெளியே ஒரு பெரிய சதுரம் போடுங்கள். மையத்தின் வழியாகக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு விட்டங்கள் வரைந்தால் அந்தப் பெரிய சதுரம் நான்கு ஆரச் சதுரங்களாகப் பிரியும். வட்டம் அதற்குள் அடங்கிவிடுகிறது. மூலைகளில் இடமும் மிஞ்சுகிறது. ஆக வட்டம் 4 ஆரச் சதுரங்களைவிடக் குறைவு.

இப்போது விட்டங்கள் வட்டத்தைத் தொடும் நான்கு புள்ளிகளையும் இணைத்து, உள்ளே சாய்வாக ஒரு சதுரம் வரையுங்கள். அதன் ஒவ்வொரு பக்கமும் ஓர் ஆரச் சதுரத்தைச் சரிபாதியாக வெட்டுகிறது. நான்கு பாதிகள் சேர்ந்தால் 2 ஆரச் சதுரங்கள். ஆக வட்டம் 2-ஐவிட அதிகம்.

அடுத்த படிதான் எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்தது. கவராயத்தின் விரிவை மாற்றாமல் வட்டத்தின் மேல் ஆரத்தின் நீளத்தையே வெட்டிக்கொண்டு போனால் சரியாக ஆறு புள்ளிகள் கிடைக்கும். ஒவ்வொரு வில்லையும் இரண்டாகப் பிரித்தால் பன்னிரண்டு புள்ளிகள். அவற்றை இணைத்தால் பன்னிரண்டு பக்கமுள்ள ஒழுங்கான உருவம் ஒன்று வரும். மையத்தோடு இணைத்தால் அதில் பன்னிரண்டு முக்கோணங்கள். ஒவ்வொன்றிலும் மையக்கோணம் 30 டிகிரி, இரு பக்கங்கள் ஆரத்துக்குச் சமம்.

ஒரு முக்கோணத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஓர் ஆரத்தை அடிப்பக்கமாக வைத்து, மற்ற ஆரத்தின் முனையிலிருந்து செங்குத்து இறக்கினால் அதன் உயரம் ஆரத்தில் பாதி (செங்கோண முக்கோணத்தில் 30 டிகிரிக்கு எதிர்ப்பக்கம், கர்ணத்தில் பாதி). எனவே முக்கோணத்தின் பரப்பு 1/2 × ஆரம் × ஆரத்தில் பாதி, அதாவது ஆரச் சதுரத்தில் கால். பன்னிரண்டு கால்கள் சேர்ந்தால் 3. தோராயமாக இல்லை, மிகச் சரியாக 3 ஆரச் சதுரங்கள்!

இந்தப் பன்னிரண்டு பக்க உருவம் வட்டத்துக்குள் இருக்கிறது. வட்டத்துக்கும் அதற்கும் நடுவே பன்னிரண்டு மெல்லிய கீற்றுகள் மட்டும் மிஞ்சுகின்றன. அந்தக் கீற்றுகள்தான் ‘கொஞ்சம்’. பை-யின் 0.14159… அங்கேதான் இருக்கிறது. சீனாவின் லியூ ஹுயி 3-ஆம் நூற்றாண்டிலேயே இந்தப் பன்னிரண்டு பக்க உருவத்தைக் காட்டி, பை-யை 3 என்று வைப்பது வட்டத்துக்கு அல்ல, இந்த உருவத்துக்குத்தான் பொருந்தும் என்று விளக்கியிருக்கிறார்.

துண்டுகளாக வெட்டிச் செவ்வகமாக அடுக்கும் செயல்பாடு எதற்காக?

வட்டத்தை மையத்திலிருந்து 16 சம துண்டுகளாக வெட்டுங்கள். ஒரு துண்டின் கூர்முனை மேலே, அடுத்ததன் கூர்முனை கீழே என்று மாற்றி மாற்றி அடுக்குங்கள். இணைகரம் மாதிரி ஓர் உருவம் வரும். 32 துண்டுகளாக வெட்டினால் அது இன்னும் நேராகி, செவ்வகத்தை நெருங்கும்.

அந்தச் செவ்வகத்தின் உயரம் ஆரம். நீளம் எவ்வளவு? வட்டக்கோட்டில் பாதி மேலே, பாதி கீழே போயிருக்கிறது. எனவே நீளம் சுற்றளவில் பாதி. பரப்பு = அரைச் சுற்றளவு × ஆரம். சுற்றளவு 2 × பை × ஆரம் என்பதால் அதில் பாதி பை × ஆரம். அதை ஆரத்தால் பெருக்கினால் பை × ஆரம் × ஆரம்.

இந்தச் செயல்பாட்டில் கவனிக்கவேண்டியது கடைசி விடையைவிட நடுவில் வரும் வரிதான்: பரப்பு = அரைச் சுற்றளவு × ஆரம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு இதுவே பதில் சொல்லும்.

ஆனால் மேல் ஓரம் நெளிநெளியாகத்தானே இருக்கிறது? அதைச் செவ்வகம் என்று சொல்வது ஏமாற்று வேலை இல்லையா?

நல்ல சந்தேகம். இதைக் கேட்கும் மாணவரைத் தட்டிக்கொடுக்கவேண்டும், ‘அப்படியே எழுதிக்கொள்’ என்று அடக்கக்கூடாது. எத்தனை துண்டுகள் போட்டாலும் நெளிவு முழுவதும் போகாது என்பது உண்மை. ‘நெருங்கிக்கொண்டே போகிறது’ என்று மட்டும் சொன்னால் அது நிரூபணம் ஆகாது.

சரியான வழி, வட்டத்தை உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் நெருக்குவது. உள்ளே ஓர் ஒழுங்குப் பலகோணம், வெளியே ஓர் ஒழுங்குப் பலகோணம். வட்டத்தின் பரப்பு எப்போதும் இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கவேண்டும். ஆரம் 1 என்று வைத்துக்கொண்டால் பரப்புகள் இப்படி வரும்:

6 பக்கம்: உள்ளே 2.598, வெளியே 3.464
12 பக்கம்: உள்ளே 3, வெளியே 3.215
24 பக்கம்: உள்ளே 3.106, வெளியே 3.160
48 பக்கம்: உள்ளே 3.133, வெளியே 3.146
96 பக்கம்: உள்ளே 3.139, வெளியே 3.143

உள்ளே இருப்பது ஏறிக்கொண்டே வருகிறது, வெளியே இருப்பது இறங்கிக்கொண்டே வருகிறது. பக்கங்களை இரட்டிக்கும்போதெல்லாம் இடைவெளி ஏறக்குறைய நான்கில் ஒன்றாகச் சுருங்குகிறது. வட்டம் தப்பித்துப்போக இடமே இல்லை. பை-யைவிடக் கொஞ்சம் பெரிய எந்த எண்ணைச் சொன்னாலும் ஏதோ ஒரு வெளிப்பலகோணம் அதற்குக் கீழே இறங்கிவிடும். கொஞ்சம் சிறிய எந்த எண்ணைச் சொன்னாலும் ஓர் உட்பலகோணம் அதைத் தாண்டிவிடும். எஞ்சுவது ஒரே ஓர் எண்தான்.

ஆர்க்கிமிடீஸ் கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் செய்தது இதே வகை நெருக்கல். அவர் 96 பக்கப் பலகோணங்களின் சுற்றளவைக் கணக்கிட்டு, பை 3 10/71-ஐவிட அதிகம், 3 1/7-ஐவிடக் குறைவு என்று காட்டினார். நாம் பயன்படுத்தும் 22/7 அந்த 3 1/7 தான்.

சுற்றளவிலும் பை வருகிறது, பரப்பிலும் அதே பை வருகிறது. இது எப்படி?

கேட்கவேண்டிய கேள்வி, ஆனால் பலரும் கேட்பதில்லை. பை என்பது சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும் எண். அதாவது நீளங்களின் விகிதம். அது பரப்பில் ஏன் தலைகாட்டவேண்டும்?

ஒரு கயிற்றை மையத்திலிருந்து நெருக்கமாகச் சுற்றி வட்டத் தட்டாக வைத்ததுபோல, வட்டத்தை மெல்லிய வளையங்களின் அடுக்காக நினைத்துக்கொள்ளுங்கள். மையத்திலிருந்து ஓரம் வரை ஒரே நேர்கோட்டில் வெட்டி, எல்லா வளையங்களையும் நீட்டி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் என்ன ஆகும்? வெளி வளையம் எல்லாவற்றிலும் நீளமானது, அது அடியில் கிடக்கும். உள்ளே போகப்போக நீளம் சீராகக் குறையும். மையத்தில் இருப்பது வெறும் புள்ளி. கிடைக்கும் உருவம் ஒரு முக்கோணம். அதன் அடிப்பக்கம் முழுச் சுற்றளவு, உயரம் ஆரம்.

முக்கோணத்தின் பரப்பு 1/2 × அடிப்பக்கம் × உயரம். அதாவது 1/2 × சுற்றளவு × ஆரம். மேலே வந்த அதே வரி! சுற்றளவில் ஒரு பை இருப்பதால் பரப்பிலும் அதே பை வந்துதான் ஆகவேண்டும்.

வட்டத்தின் பரப்பு இப்படி ஒரு செங்கோண முக்கோணத்துக்குச் சமம் என்பதுதான் ஆர்க்கிமிடீஸ் நிரூபித்த தேற்றம். ஆரியபட்டர் 499-ஆம் ஆண்டில் எழுதிய நூலில், சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கினால் வட்டத்தின் பரப்பு என்று விதியைத் தந்திருக்கிறார். பழைய தமிழ்க் கணக்கு நூலான கணக்கதிகாரமும் இதே விதியை, வட்டத்தில் அரையையும் விட்டத்தில் அரையையும் பெருக்கு என்றுதான் சொல்கிறது. பை என்ற குறியீடே இல்லாமல் இத்தனை பேரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

22/7 எடுப்பதா, 3.14 எடுப்பதா?

கேள்வித்தாளில் சொல்லியிருந்தால் அதன்படி செய்யுங்கள். சொல்லவில்லை என்றால் எண்களைப் பார்த்து முடிவு செய்யலாம். ஆரமோ விட்டமோ 7-ஆல் வகுபடுமானால் 22/7 வசதி. 10, 5, 20 போன்ற எண்கள் வந்தால் 3.14 வசதி.

3.14 தான் துல்லியமானது, 22/7 பழைய முறை என்று ஓர் எண்ணம் பரவியிருக்கிறது. அது சரியில்லை. பை-யின் மதிப்பு 3.14159…, 22/7 என்பது 3.14285…. இது சுமார் 0.00126 கூடுதல். 3.14 சுமார் 0.00159 குறைவு. ஆக 22/7 கொஞ்சம் நெருக்கமானது. ஆரம் 7 செ.மீ. வட்டத்தின் பரப்பு 22/7-ஐ எடுத்தால் 154, 3.14-ஐ எடுத்தால் 153.86, இன்னும் துல்லியமாகக் கணக்கிட்டால் 153.94. வேறுபாட்டைப் பார்த்துப் பயப்படவேண்டாம், இரண்டும் தோராயம்தான்.

மிகவும் நெருக்கமான பின்னம் வேண்டுமென்றால் 355/113 இருக்கிறது. ஆறு தசம இடங்கள் வரை சரியாக வரும்.

ஒன்றே ஒன்று மட்டும்: ‘பை = 22/7’ என்று எழுதிப் பழகாதீர்கள். பை விகிதமுறா எண். எந்தப் பின்னத்துக்கும் அது சமமாகாது என்று கணித அறிஞர் லாம்பர்ட் 1761-இல் நிரூபித்துவிட்டார். ‘ஏறக்குறைய’ என்ற குறியைப் போடுவது ஒரு நல்ல பழக்கம்.

விடையை ‘25 பை’ என்று விட்டுவிடலாமா?

தாராளமாக விடலாம், கேள்வி தசமத்தில் கேட்காதவரை. உண்மையில் அதுதான் மிகச் சரியான விடை. பல படிகள் உள்ள கணக்கில் பை-யைக் கடைசி வரை அப்படியே வைத்திருந்தால் பல சமயம் அது தானே அடிபட்டுப் போய்விடும்.

விட்டம் கொடுத்தால்?

முதலில் பாதியாக்குங்கள், அப்புறம் வர்க்கம். விட்டம் 28 செ.மீ. என்றால் ஆரம் 14. பரப்பு 22/7 × 14 × 14 = 616 சதுர செ.மீ. அவசரத்தில் 28-ஐயே வர்க்கப்படுத்தினால் 2464 வரும். சரியான விடையைப்போல நான்கு மடங்கு.

சுற்றளவு மட்டும் தெரிந்தால்?

சுற்றளவிலிருந்து ஆரம், ஆரத்திலிருந்து பரப்பு. சுற்றளவு 88 செ.மீ. என்றால் 2 × 22/7 × ஆரம் = 88, ஆரம் 14. இங்கே மறுபடி வர்க்கம் போட்டு 22/7-ஆல் பெருக்கத் தேவையில்லை. அரைச் சுற்றளவு 44, ஆரம் 14, பெருக்கினால் 616. முடிந்தது.

பரப்பு கொடுத்து ஆரம் கேட்டால்?

வந்த வழியே திரும்பிப் போகவேண்டும். ஆரத்திலிருந்து பரப்புக்குப் போகும்போது முதலில் வர்க்கம், பிறகு பை-யால் பெருக்கல். திரும்பும்போது முதலில் பை-யால் வகுத்தல், பிறகு வர்க்கமூலம். பரப்பு 1386 சதுர செ.மீ. என்றால் 1386 × 7/22 = 441. வர்க்கமூலம் 21. ஆரம் 21 செ.மீ. வர்க்கமூலத்தை முதலிலேயே எடுத்தால் கணக்கு தப்பாகிவிடும்.

ஆரத்தை இரண்டு மடங்காக்கினால் பரப்பும் இரண்டு மடங்குதானே?

இல்லை, நான்கு மடங்கு. ஆரச் சதுரத்தைப் பாருங்கள்: பக்கம் இரட்டித்தால் சதுரம் நான்கு மடங்காகிறது, வட்டம் எப்போதும் அந்தச் சதுரத்தின் பை மடங்கு. ஆரம் மூன்று மடங்கானால் பரப்பு ஒன்பது மடங்கு. ஆரம் 10 சதவீதம் கூடினால் பரப்பு 21 சதவீதம் கூடும் (1.1 × 1.1 = 1.21).

3 செ.மீ., 4 செ.மீ. ஆரமுள்ள இரண்டு வட்டங்களின் பரப்பைக் கூட்டினால் எந்த ஆரமுள்ள வட்டத்துக்குச் சமம்? 7 என்று சொல்லத் தோன்றும். விடை 5. ஏனென்றால் கூட்டவேண்டியது ஆரங்களை அல்ல, அவற்றின் வர்க்கங்களை: 9 + 16 = 25. பிதாகரஸ் தேற்றம் வட்டத்துக்குள்ளேயும் வந்து நிற்கிறது.

ஆரம் 2 என்றால் சுற்றளவும் பரப்பும் சமமா?

இரண்டுக்கும் 4 பை, அதாவது ஏறக்குறைய 12.57 என்ற எண் வரும். ஆனால் ஒன்று 12.57 செ.மீ., மற்றது 12.57 சதுர செ.மீ. நீளமும் பரப்பும் ஒருபோதும் சமமாகாது, எண்கள் மட்டும் ஒத்துப்போயின. அதே வட்டத்தை மில்லிமீட்டரில் அளந்தால் ஆரம் 20. சுற்றளவு 40 பை, பரப்பு 400 பை. பொருத்தம் கலைந்துவிட்டது. அலகை எழுதாமல் விட்டால் மதிப்பெண் குறைப்பது இதனால்தான்.

அலகு மாற்றும்போது என்ன கவனிக்கவேண்டும்?

1 மீட்டர் 100 செ.மீ.; ஆனால் 1 சதுர மீட்டர் 10,000 சதுர செ.மீ. ஆரம் 50 செ.மீ. வட்டத்தின் பரப்பு 7850 சதுர செ.மீ. அதை 78.5 சதுர மீட்டர் என்று எழுதிவிட்டுத் திருப்தியாக அடுத்த கணக்குக்குப் போகிறவர்கள் உண்டு. சரியான விடை 0.785 சதுர மீட்டர். பாதுகாப்பான வழி, நீளங்களை முதலிலேயே மாற்றிவிடுவது.

அரைவட்டம், கால்வட்டம், வட்டக்கோணப்பகுதி: தனித்தனிச் சூத்திரமா?

தேவையில்லை. வட்டக்கோணப்பகுதி என்பது இரண்டு ஆரங்களும் அவற்றுக்கு இடையே உள்ள வில்லும் அடைக்கும் பகுதி. முழு வட்டத்தின் மையக்கோணம் 360 டிகிரி. உங்களிடம் இருக்கும் பகுதி அதில் எத்தனை பங்கோ, பரப்பிலும் அத்தனை பங்கு. ஆரம் 21, கோணம் 60 டிகிரி என்றால் ஆறில் ஒரு பங்கு: 1386 ÷ 6 = 231.

வட்டக்கோணப்பகுதிக்கு இன்னொரு வழியும் உண்டு: 1/2 × வில்லின் நீளம் × ஆரம். அந்த 60 டிகிரி வில்லின் நீளம் 132 ÷ 6 = 22. 1/2 × 22 × 21 = 231. இது முக்கோணத்தின் பரப்பு மாதிரியே இருக்கிறது அல்லவா? வளையங்களை நீட்டி அடுக்கிய அதே முக்கோணம்தான், அடிப்பக்கம் மட்டும் சுருங்கியிருக்கிறது.

நாண் (வட்டக்கோட்டின் இரு புள்ளிகளை இணைக்கும் நேர்கோடு) வெட்டித் தரும் வட்டத்துண்டு என்றால், வட்டக்கோணப்பகுதியிலிருந்து முக்கோணத்தைக் கழிக்கவேண்டும். ஆரம் 14, கோணம் 90 டிகிரி: கால்வட்டம் 154, முக்கோணம் 98, துண்டு 56. (இது அரைவட்டத்தைவிடச் சிறிய துண்டுக்கு.)

அரைவட்டத்தில் அடிக்கடி தவறுவது பரப்பு அல்ல, சுற்றளவு. வளைந்த பாகத்தோடு விட்டத்தையும் சேர்க்கவேண்டும். ஆரம் 7 என்றால் பரப்பு 77, சுற்றளவு 22 + 14 = 36.

இரண்டு வட்டங்களுக்கு நடுவே உள்ள பாதையின் பரப்பு?

பெரிய வட்டத்திலிருந்து சிறிய வட்டத்தைக் கழிக்கவேண்டும். வெளி ஆரம் 21 மீ., உள் ஆரம் 14 மீ. என்றால் 1386 − 616 = 770 சதுர மீட்டர். ஆரங்களை முதலில் கழித்து, வந்த 7-ஐ வர்க்கப்படுத்தினால் 154 வரும். அது 7 மீ. ஆரமுள்ள ஒரு தனி வட்டத்தின் பரப்பு, பாதையின் பரப்பு இல்லை. பெரிய எண்கள் வந்தால் பை × (ஆரங்களின் கூடுதல்) × (ஆரங்களின் வித்தியாசம்) என்று போடுங்கள்: 22/7 × 35 × 7 = 770.

இதில் ஓர் அதிசயம் இருக்கிறது. உள் வட்டத்தைத் தொட்டுக்கொண்டு போகும்படி வெளி வட்டத்தில் ஒரு நாண் வரையுங்கள். அதன் நீளம் 28 மீ. என்று மட்டும் தெரிந்தால் போதும், இரண்டு ஆரங்களும் தெரியாமலே பாதையின் பரப்பைச் சொல்லிவிடலாம்! மையம், தொடுபுள்ளி, நாணின் முனை மூன்றும் செங்கோண முக்கோணம் ஆகின்றன. வெளி ஆரத்தின் வர்க்கத்திலிருந்து உள் ஆரத்தின் வர்க்கத்தைக் கழித்தால் பாதி நாணின் வர்க்கம். எனவே பரப்பு 22/7 × 14 × 14 = 616 சதுர மீட்டர். வட்டங்கள் பெரிதானாலும் சிறிதானாலும் நாண் 28 மீ. என்றால் பரப்பு மாறாது.

கையில் ஒரு வட்டம் இருக்கிறது, மையம் தெரியவில்லை. எப்படி அளப்பது?

இணையாக இல்லாத இரண்டு நாண்களை வரைந்து, இரண்டுக்கும் நடுவில் செங்குத்துக்கோடு போடுங்கள். அவை வெட்டும் இடம்தான் மையம். கவராயம் இல்லையா? ஒரு தாளின் செங்கோண மூலையை வட்டக்கோட்டின் மேல் வையுங்கள். தாளின் இரு ஓரங்கள் வட்டத்தை வெட்டும் இடங்களை இணைத்தால் அது விட்டம். அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம் என்ற தேற்றம் இங்கே வேலை செய்கிறது.

சூத்திரமே இல்லாமல் சோதித்துப் பார்க்க முடியுமா?

முடியும், கட்டத் தாள் போதும். மையத்தை ஒரு கட்டத்தின் நடுவில் வைத்து, 10 கட்ட நீளம் ஆரமாக வட்டம் போடுங்கள். எந்தக் கட்டத்தின் நடுப்புள்ளி வட்டத்துக்குள்ளோ கோட்டின் மேலோ விழுகிறதோ அதை மட்டும் எண்ணுங்கள். 317 வரும். 100-ஆல் வகுத்தால் 3.17. ஆரத்தை 20 கட்டமாக்கினால் 1257 வரும், 400-ஆல் வகுத்தால் 3.1425. கால் வட்டத்தை எண்ணி நான்கால் பெருக்க நினைப்பவர்கள், நடு வரிசைக் கட்டங்கள் இருமுறை சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே நீளக் கயிற்றால் சதுரம் கட்டினால் பரப்பு அதிகமா, வட்டம் கட்டினால் அதிகமா?

வட்டம்தான். 88 மீ. கயிற்றில் சதுரத்தின் பக்கம் 22, பரப்பு 484. வட்டத்தில் 616. ஒரே சுற்றளவுள்ள எல்லாத் தள உருவங்களிலும் வட்டத்துக்கே பரப்பு அதிகம்.

தேர்வு அறையில் சூத்திரம் குழம்பிவிட்டால்?

எது 2 × பை × ஆரம், எது பை × ஆரம் × ஆரம் என்று குழம்பினால் அலகைக் கேளுங்கள். பரப்பு வேண்டுமென்றால் நீளத்தை நீளத்தால் பெருக்கியிருக்கவேண்டும். ஆரம் இருமுறை வருவதுதான் பரப்பு. விடை வந்தபின் ஆரத்தின் வர்க்கத்தை 3-ஆல் பெருக்கிப் பாருங்கள். உங்கள் விடை அதைவிடக் கொஞ்சம், 5 சதவீதத்துக்கும் குறைவாக, அதிகமாக இருக்கவேண்டும். இரண்டு மடங்கு, நான்கு மடங்கு என்று தள்ளிப்போயிருந்தால் விட்டத்தை ஆரமாக எடுத்திருப்பீர்கள், அல்லது அரைவட்டத்தை முழுவட்டமாக்கியிருப்பீர்கள்.

வட்டத்துக்குச் சமமான பரப்புள்ள சதுரத்தை வரைய முடியுமா?

தோராயமாக முடியும். எகிப்தில் கி.மு. 1650 வாக்கில் எழுதப்பட்ட ரைண்ட் பாப்பிரஸ் என்ற சுவடியில், விட்டத்தில் ஒன்பதில் எட்டுப் பங்கைப் பக்கமாகக் கொண்ட சதுரத்தை வட்டத்துக்குச் சமமாக எடுக்கிறார்கள். விட்டம் 9 என்றால் 8 × 8 = 64. உண்மையான பரப்பு 63.62. அந்தக் காலத்துக்கு இது எவ்வளவு நேர்த்தியான கணக்கு!

ஆனால் அளவுகோலின் நேர்விளிம்பையும் கவராயத்தையும் மட்டும் வைத்து மிகச் சரியாக வரைய முடியாது. கிரேக்கர் காலத்திலிருந்து முயன்ற இந்தக் கணக்குக்கு 1882-இல் கணித அறிஞர் லிண்டெமன் முடிவு கட்டினார். முழு எண்களைக் கெழுக்களாகக் கொண்ட எந்தப் பல்லுறுப்புச் சமன்பாட்டுக்கும் பை தீர்வாகாது என்று அவர் நிரூபித்ததால், அந்தச் சதுரத்தின் பக்கத்தை இந்த இரு கருவிகளால் எட்டவே முடியாது என்பது உறுதியானது.

மேல்வகுப்பில் பரப்பை வகையிட்டால் சுற்றளவு வருகிறதே, அது தற்செயலா?

இல்லை. வகையிடல் என்றால், ஆரம் கூடும்போது பரப்பு எந்த வீதத்தில் கூடுகிறது என்று காண்பது. பை × ஆரம் × ஆரம் என்பதை ஆரத்தைப் பொறுத்து வகையிட்டால் 2 × பை × ஆரம் வரும். ஆரத்தை மிகச் சிறிதளவு கூட்டினால் வட்டத்தின் ஓரத்தில் ஒரு மெல்லிய வளையம் சேர்கிறது. அந்த வளையத்தின் பரப்பு ஏறக்குறைய சுற்றளவு × கூட்டிய அளவு. கூட்டிய அளவால் வகுத்தால் மிஞ்சுவது சுற்றளவு. அந்த வளையங்களையெல்லாம் மையத்திலிருந்து ஓரம் வரை கூட்டுவதுதான் தொகையிடல். ஆறாம் ஏழாம் வகுப்பு மாணவர் வளையங்களை நீட்டி முக்கோணமாக அடுக்கும்போது அவர் செய்துகொண்டிருப்பதும் அதேதான்.